ஹைபிரிட்டுக்கு நாள் குறிப்பவர்களுக்கு

"ஹைபிரிட் என்பது இடைக்கால ஏற்பாடு. முழு மின்சாரக் கார் வந்ததும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அதற்கு இடமிருக்காது." 2025 முடிவோடு போர்ஷே தன் ஹைபிரிட் காரோடு லெ மான் அடங்கிய உலகத் தொடரிலிருந்து விலகுவதாக அறிவித்ததும், இப்படிச் சொல்பவர்களுக்குத் தெம்பு வந்துவிட்டது. அவர்கள் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "பேட்டரியே போதும்."

ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ பேட்டரியில் கால் யூனிட் அடைப்பதே பெரும்பாடு. 2023 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் நடந்த ஃபார்முலா இ மின்சாரப் பந்தயம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. லெ மானில் மழை குறுக்கிடாத ஆண்டில் வெல்லும் கார் 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. இரண்டும் ஒரே கணக்கில் வராது.

2. "பிரேக்கில் கிடைப்பது அற்பம்."

எங்கள் வரிச்சிக்குடி நிறுத்தத்தில் காரைக்கால் பஸ் வந்து நிற்கும்போது பின்சக்கரத்துப் பக்கம் நின்று பாருங்கள். பிரேக் டிரம்மின் அனல் காலில் அடிக்கும். லைனிங் கருகும் வாடை மூக்கில் ஏறும். டீசல் போட்டு வாங்கிய வேகம் அப்படியே காற்றில் கரைகிறது. லெ மானின் முல்சான் திருப்பத்தில் கார் மணிக்கு 320 கிலோமீட்டரிலிருந்து 100-க்கு இறங்கினால், அதன் இயக்க ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். அதில் ஒரு பகுதியை மின்மோட்டாரால் பிடித்துத் திரும்பக் கொடுப்பதுதான் ஹைபிரிட்டின் வேலை. இந்த வாய்ப்பு ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை வருகிறது.

3. "சிக்கலான இயந்திரம், பாதியில் கைவிடும்."

2016-இல் வெற்றிக்கு மூன்றே நிமிடம் இருக்கையில் டொயோட்டாவின் ஹைபிரிட் கார் சக்தியிழந்ததைக் காட்டுகிறார்கள். அன்று பழுதானது டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலான காற்றுக்குழாய் இணைப்பு. மின்மோட்டார்மீது பழியில்லை. 2017-இல் போர்ஷே 919-இன் முன்பக்க மோட்டார் உண்மையிலேயே பழுதானது. மாற்றுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அந்தக் காரேதான் வென்றது.

4. "செலவு தாங்காது."

இதில் நியாயம் உண்டு. ஆடி 2016-லும் போர்ஷே 2017-லும் விலகின. அதற்கு மருந்தாக விதி மாறியது: ஒரு பிரிவில் மோட்டாருக்கு 200 கிலோவாட் வரம்பு, இன்னொன்றில் எல்லோருக்கும் ஒரே 50 கிலோவாட் மோட்டார். 2023-இல் ஃபெராரி, போர்ஷே, கேடிலாக், பெஜோ எல்லாம் டொயோட்டாவோடு மோதின. ஐந்துமே ஹைபிரிட்.

5. "ஹைபிரிட் இல்லாமலும் வெல்லலாம்."

விதி அதற்கு இடம் தருகிறது. 2022-இல் கிளிக்கன்ஹாஸ் அணி ஹைபிரிட் இல்லாமல் மூன்றாமிடம் பிடித்தது, பாராட்டுவோம். ஆனால் வெற்றிப் பட்டியல் வேறு. சென்னையின் கருண் சந்தோக் லெ மானில் போட்டியிட்ட முதல் இந்தியர் ஆனது 2012-இல். ஹைபிரிட் இல்லாத காரில் அவர் அணி ஆறாவதாக வந்தது. அதே பந்தயத்தில்தான் ஆடி முதல் ஹைபிரிட் வெற்றியைப் பெற்றது. அன்று முதல் 2025 வரை வேறெந்த வகைக் காரும் அங்கே வென்றதில்லை.

எரிபொருள் மாறும். 2022 முதலே லெ மான் கார்கள் ஒயின் தயாரிப்பில் மிஞ்சும் கசடிலிருந்து எடுத்த எரிபொருளில் ஓடுகின்றன. நாளை ஹைட்ரஜனும் வரலாம். எது எரிந்தாலும் திருப்பத்தில் பிரேக் போட்டுத்தான் ஆகவேண்டும். அங்கே வீணாகும் ஆற்றலைப் பிடிக்கும் வேலை இருக்கும்வரை ஹைபிரிட்டும் இருக்கும்.