தை மாதத் தண்ணீருக்குப் பயம், சித்திரை மாதத் தண்ணீருக்குப் பயமில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பள்ளி போகிற பிள்ளைகள் இருந்தால் முழுதும் படித்துவிடுங்கள்.

போன ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். எங்கள் ஊர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். ஏரி முக்கால் பங்குக்கு மேல் நிறைந்து, காற்றில்லாமல் கண்ணாடி மாதிரி கிடந்தது. படித்துறையில் இரண்டு பையன்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே அவர்கள் பாட்டி ஓடி வந்தார். “பனி இன்னும் விடல, தண்ணியில எறங்குனா சளி புடிச்சிக்கும், ஏறுங்கடா மேல!” பையன்கள் ஏறிவிட்டார்கள். இதே பாட்டி சித்திரை வெயிலில் இதே பையன்களை மதியம் முழுக்க ஏரியில் விட்டிருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். “வெயிலுக்குக் கிடக்கட்டும் சார், தண்ணி முழங்காலுக்குத்தான் இருக்கு” என்றார் அப்போது.

அவரைக் குறை சொல்லவில்லை. ஊரே அப்படித்தான் நினைக்கிறது. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன், அறிவியல் வாத்தியாராக இருந்துகொண்டே.

ஒரு வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு, ஆய்வகத் தெர்மாமீட்டரை நூலில் கட்டி ஏரியில் இறக்கிப் பார்த்தோம். மார்கழி விடியற்காலையில் காற்று 20 டிகிரி, தண்ணீர் 24. பிள்ளைகளுக்கு ஆச்சரியம். தண்ணீர் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடுகிறது, அதனால் விடியலில் வெளியே நிற்பதைவிட உள்ளே நிற்பது இதம். ஏறிய பிறகு ஈர உடம்பில் காற்று படும்போதுதான் நடுக்கம். துண்டால் துவட்டிவிட்டால் போச்சு. சளி கிருமியால் வருவது, ஏரி தருவது அல்ல. தை கடைசிக்குள் பத்து மணி வெயிலுக்கு 26, 27 வந்துவிடும். மெலிந்த பிள்ளைகள் அரைமணி நேரத்தில் நடுங்குவார்கள், உதடு நீலம் பூக்கும். அப்போது கரையேற்றினால் போதும்.

குளிரே ஆளைக் கொல்கிற ஏரிகள் உலகத்தில் உண்டு. குளிர் நாடுகளில் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது திடீரென்று குதித்தால் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், வாய்க்குள் தண்ணீர் போய்விடும். நம் சமவெளி ஏரிகளில் அந்த ஆபத்து கிடையாது. நாம் பயப்பட வேண்டியது வேறு.

அதே தெர்மாமீட்டரை மே மாதம் மதியம் இறக்கினோம். மேல்மட்டத்தில் 33. மார்பளவு ஆழத்தில் 29. கலங்கலான தண்ணீருக்குள் வெயில் ஆழமாகப் போகாது. மேலே உள்ளது மட்டும் சூடேறி, எடை குறைந்து, மேலேயே மிதக்கும். ராத்திரி குளிர்ந்த பிறகுதான் இரண்டும் கலக்கும். ஓரத்தில் நிற்கிற பையனுக்குத் தண்ணீர் வெந்நீர் மாதிரி இருக்கும். குளிர்ச்சி தேடி அவன் உள்ளே நடப்பான். ஒவ்வொரு அடிக்கும் கால் சில்லென்று இருக்கும், சுகமாக இருக்கும். அடுத்த அடியில் தரை இருக்காது.

ஏன் இருக்காது? மண் எடுத்த குழி. விவசாயிகள் ஏரியில் வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ள 2017-இல் அரசு அனுமதி தந்தது. நல்ல திட்டம்தான், ஏரியும் ஆழமாகும், வயலுக்கும் உரம். ஆனால் வண்டலை மேலாகச் சுரண்டி எடுப்பது வேறு, பொக்லைனை இறக்கி ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு அடிக்குத் தோண்டுவது வேறு. முன்பு ஏரியின் தரை சரிவாக இறங்கும்; எங்கே முட்டி, எங்கே இடுப்பு என்று ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். இப்போது முழங்கால் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இரண்டாள் ஆழம்.

பதினைந்து வருடம் முன்பு ஒரு மே மாதத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்படிப் போனான். அவனைப் பிடிக்கப் போன சித்தப்பா மகனும் போனான். மார்ச் மாதம் அவனுக்கு நான்தான் மிதப்பு விசையும் ஆர்க்கிமிடிஸ் தத்துவமும் நடத்தினேன். தேர்வில் நன்றாக எழுதியிருந்தான். பொருள் ஏன் மிதக்கிறது என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு மல்லாந்து மிதக்கத் தெரியவில்லை. அந்த விடைத்தாள் வெகுநாள் என் மேசையில் கிடந்தது.

அதற்குப் பிறகு கரையில் ஒரு பலகை வைத்தார்கள்: ‘இங்கு குளிப்பது ஆபத்து’. இப்போது அதில் துணி காயப்போடுகிறார்கள். பலகையால் பிரயோஜனமில்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பலகையோடு நின்றுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். இந்தியாவில் வருடத்துக்கு 35 ஆயிரம் பேருக்கு மேல் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்கால அறிக்கைகள் சொல்கின்றன. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் பாதுகாப்பான மீட்பு முறையும் கற்றுக்கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருகிறது. வங்கதேசத்தில் கிராமத்துக் குளங்களிலேயே மூங்கில் மேடை கட்டிக் கற்றுக்கொடுக்கிறார்கள். நீச்சல்குளம் கட்ட நிதி வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

“பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப்போய் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?” என்று இன்றைய ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நானும் இதே காரணத்தைச் சொல்லித்தான் கடைசிவரை வகுப்பறையிலேயே இருந்தேன். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளையும் யாரும் அழைத்துப்போகவில்லை, அவர்களாகத்தான் போனார்கள். பள்ளியால் முடியாவிட்டால் அப்பா, மாமா, பெரியப்பா யாராவது செய்யட்டும். நம் தலைமுறைக்கு நீச்சல் வந்ததும் அப்படித்தானே. முதுகில் சுரைக்குடுக்கை, இல்லை ஒரு வாழைமரத் துண்டு, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மாமா கையில். பெண் பிள்ளைகளை மட்டும் கரையில் உட்காரவைத்தோம். அந்தத் தப்பையாவது இப்போது விட்டுவிடலாம்.

கற்றுக்கொடுக்க ஏற்ற காலம் தை, மாசி. தண்ணீர் தெளிந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கலங்கல் வழியும்போது இறங்கவே கூடாது. கோடையில் பிள்ளைகள் நடந்து பழகிய குழியெல்லாம் அப்போது தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும், எலிக்காய்ச்சலும் வரும். மதகு திறந்திருந்தால் எந்த மாதமும் அந்தப் பக்கம் போகக் கூடாது, இழுத்துவிடும். சித்திரை, வைகாசியில் பச்சை பூத்துச் சூடாகக் கிடக்கிற குட்டையில் மூக்கில் தண்ணீர் ஏறும்படி குதிக்க வேண்டாம். 2024-இல் கேரளத்தில் பிள்ளைகள் சிலரைக் கொன்ற மூளை அமீபா அப்படிப்பட்ட வெதுவெதுப்பான நன்னீரில்தான் வளர்கிறது. அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம்.

நீச்சல் தெரியாத பிள்ளைக்கு இரண்டு விஷயம் இன்றைக்கே சொல்லிவிடலாம். மதிய வெயிலில் ஏரிக்குள் நிற்கும்போது கால் மட்டும் திடீரென்று சில்லென்றால் முன்னால் குழி இருக்கலாம், வந்த வழியே பின்வாங்கு. காலையில் இந்த அடையாளம் தெரியாது, அதனால் சில்லென்று இல்லை என்று நம்பி உள்ளே போகாதே. இன்னொன்று, யாராவது மூழ்கினால் நீ இறங்காதே. கத்து, வேட்டி, துப்பட்டா, மூங்கில், மூடி போட்ட காலி கேன், கையில் கிடைத்ததை வீசு.

வருகிற ஞாயிறு ஒன்பதரை மணிக்கு நான் படித்துறையில் இருப்பேன். பாட்டியிடம் பேசிவிட்டேன், பேரன்களை அனுப்புவதாகச் சொன்னார், தலை துவட்டத் துண்டோடு தானும் வந்து உட்காருவாராம். எனக்கு வயது 67. தண்ணீருக்குள் என்னோடு நிற்க நன்றாக நீந்தத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். லாரி டியூப் இரண்டு கிடைத்துவிட்டது. நல்ல கயிறு யாரிடமாவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.