பெண் கலைஞரும் தேர்வுக் குழுக்களும்

மயிலாப்பூரில் பொழுது புலருமுன் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடப்போர், தாம் அறியாமலே ஒரு சித்திரச் சாலையின் நடுவே நடக்கின்றனர். வாயில்தோறும் புள்ளி வைத்து இழை இழுத்துக் கோலமிடும் மாதர் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. எவரும் அவர் பெயரைக் கேட்பதுமில்லை. வெயில் ஏறுமுன் அச்சித்திரங்கள் கால்பட்டுக் கலைந்து போகின்றன. ஆண்டுக்கொருமுறை, ஜனவரித் திங்களில், மயிலாப்பூர்த் திருவிழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடைபெறுகிறது. அளந்து விடப்பட்ட கட்டத்துக்குள், குறித்த நேரத்துக்குள், அதே கைகள் அதே இழைகளை இழுக்கின்றன. அன்று அக்கலைக்குப் பெயர் உண்டு, நடுவர் உண்டு, பரிசும் உண்டு. மற்றைய நாட்களில் அது வீட்டு வேலை. இவ்விரு நிலைகளுக்கும் உள்ள வேறுபாடு இடுவோர் கையில் இல்லை; காண்போர் கண்ணில் இருக்கிறது. அக்கண்ணைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

ஓவியக் கண்காட்சியில் சுவரின் நீளம் அளவுடையது. கவிதைப் பரிசு ஒன்றே. ஆதலின் சிலர் கூடிச் சிலவற்றை ஏற்றுப் பலவற்றைத் தள்ளுவது தவிர்க்க முடியாதது. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால், தள்ளப்பட்ட படம் வெறுமனே வீட்டுக்குத் திரும்புவதில்லை. அதை வரைந்தவரின் பெயர் கண்காட்சிப் பட்டியலில் ஏறாது. பட்டியலில் இல்லாதவரை விமரிசகர் அறியார். விமரிசகர் எழுதாதவரை வாங்குவோர் தேடார். உதவித்தொகை வழங்குவோர் முன்னனுபவம் எங்கே என்று கேட்பர். பத்தாண்டு கழித்து, "இந்நகரில் சிறந்த பெண் ஓவியர் மிகுதியாக இல்லையே!" என்று அறிஞர் வியப்பர். முதல் வாயிலில் நிகழ்ந்த தவறு கடைசி வாயிலில் சரித்திரமாகி விடுகிறது.

சென்னையின் பழைய கதை ஒன்று இதை விளக்கும். 1873-ம் ஆண்டு சென்னை ஓவியக் கண்காட்சியில் ராஜா ரவிவர்மாவின் படம் பரிசு பெற்றது. கூந்தலில் மலர் சூடும் மலையாளப் பெண்ணொருத்தியின் சித்திரம் அது. அவர் புகழ் தேசமெங்கும் பரவியதற்கு அப்பரிசு ஒரு தொடக்கம். அவருடைய தங்கை மங்களா பாயியும் தூரிகை பிடித்தவரே; தமையனாரின் உருவத்தை அவர் தீட்டிய படம் உளது. ஒரே குடும்பம், ஒரே கலைச்சூழல். தமையனார் பெயரை அறியாத வீடு தென்னாட்டில் இல்லை. தங்கையார் பெயரை அறிந்த வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். பெண் சித்திரத்தில் இருக்கலாம், சித்திரத்தின் கீழ்க் கையெழுத்தாக இருத்தல் அரிது என்பதே அக்காலத்து வழக்கம்.

இது நம் நாட்டுக்கே உரிய குறை அன்று. நாகரிகத்தில் முந்தியதாகச் சொல்லிக்கொள்ளும் இங்கிலாந்தில் 1768-ல் ராயல் அகாதெமி நிறுவப்பட்டபோது, அதன் மூல உறுப்பினருள் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்னும் பெண்கள் இருவர் இருந்தனர். அவ்வுறுப்பினர் ஆடையற்ற ஆடவ மாதிரிகளின் நடுவே கூடியிருப்பதை ஸொபனி என்பார் படமாகத் தீட்டினார். அக்கூடத்தில் பெண்கள் நிற்பது முறையன்று எனக் கருதி, அவ்விருவரையும் சுவரில் மாட்டிய உருவப் படங்களாக மட்டும் காட்டினார். நிறுவனரே சுவரில் மாட்டப்பட்டனர்! அவர்களுக்குப் பின் முழு உறுப்பினராக ஒரு பெண், லாரா நைட், தேர்ந்தெடுக்கப்பட்டது 1936-ல்தான். பாரிஸ் நகரத்து அரசாங்கக் கலைப்பள்ளி பெண்களுக்குக் கதவு திறந்தது 1897-ல். மேல்நாட்டாரைக் கண்டு நாம் நாணவேண்டியதில்லை. அவரைக் காட்டி நம் குறையை மறைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை.

நம் இல்லத்தைப் பார்ப்போம். 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நிகழ்ந்த சங்கீத மகாநாட்டின் பயனாக 1928-ல் தோன்றியது சங்கீத வித்வத் சபை. தேசிய இயக்கத்தின் மடியில் பிறந்த குழந்தை அது என்று சொல்வதில் நமக்குப் பெருமை உண்டு. சதிராட்டத்தை ஒழிக்கவேண்டுமென்னும் கூச்சல் ஓங்கியிருந்த காலத்தில், 1931-ல், கல்யாணி புதல்வியரின் ஆட்டத்துக்கு மேடை தந்த துணிவும் அச்சபையினுடையதே. ஆயினும் ஆண்டுதோறும் ஒரு வித்துவானைத் தலைமையில் அமர்த்திச் சிறப்பிக்கும் அச்சபையில், சங்கீத கலாநிதி என்னும் பட்டம் முதன்முதல் ஒரு பெண்ணை அடைந்தது 1968-ல். அவர் எம். எஸ். சுப்புலட்சுமி. சபை தோன்றி நாற்பது ஆண்டுகள் ஆயின. 1970-ல் டி. கே. பட்டம்மாளும், 1973-ல் பாலசரஸ்வதியும் அவ்விருக்கையை அடைந்தனர். அந்நாற்பது ஆண்டுகளில் தகுதியுடைய பெண் பிறக்கவில்லை என்று சொல்ல எவர் துணிவார்? வீணை தனம்மாள் 1938 வரை வாழ்ந்திருந்தாரே!

கவிதைக்கு வருவோம். சாகித்திய அகாதெமியின் பரிசு 1955 முதல் 2024 வரை தமிழுக்கு 60 முறைக்கு மேல் வழங்கப்பட்டிருக்கிறது. பெற்ற பெண்கள் நால்வர்: 1973-ல் ராஜம் கிருஷ்ணன், 1984-ல் லக்ஷ்மி, 2005-ல் திலகவதி, 2021-ல் அம்பை. நால்வரும் கதை எழுதியே பெற்றனர். கவிதை நூலுக்காக அப்பரிசைப் பெற்ற தமிழ்ப் பெண் ஒருவரும் இலர். ஔவையார் பெயரில் 59 பாடல்களைச் சங்க நூல்களிலே காக்கும் மொழி இது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியதற்குச் சேர மன்னன் பொன்னும் காணமும் வாரி வழங்கியதைப் பதிற்றுப்பத்தின் பதிகம் பொறித்து வைத்திருக்கிறது. மன்னராட்சியில் கிடைத்த நியாயம் குடியாட்சியில் கிடைக்கவில்லையெனின், குறை பாடுவோரிடம் இல்லை.

"கலைக்கு ஆண் பெண் ஏது? தரம் ஒன்றே அளவு" என்று அன்பர் சிலர் கூறுவர். அக்கொள்கையை நாம் மனமார ஏற்கிறோம். அதனாலேயே வினவுகிறோம்: தரம் என்னும் தராசைப் பிடித்திருப்போர் யாவர்? அத்தராசு என்றேனும் சோதிக்கப்பட்டதா? குட்டி ரேவதியின் 'முலைகள்' என்னும் நூல் 2002-ல் வெளிவந்தது. அதனையும் மாலதி மைத்ரி, சல்மா, சுகிர்தராணி முதலியோர் கவிதைகளையும் பற்றி எழுந்த ஆரவாரத்தில் யாப்பைப் பற்றியும் உவமையைப் பற்றியும் பேசியவர் சிலரே. எழுதியவரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியவரே பலர். பெண்ணின் அங்கங்களைப் பாதாதிகேசமாகப் பாடிய ஆடவரைப் புலவரென்று போற்றும் நாட்டில், தன் உடலைத் தானே பாடிய பெண்ணுக்கு மட்டும் வசை கிடைத்தது. இதனைத் தரத்தின் அளவு என்பது தரத்துக்கே இழுக்கு.

"அங்ஙனமாயின் பெண்களுக்கெனத் தனிக் கண்காட்சி, தனிப் பரிசு வையுங்கள்" என்பர் வேறு சிலர். இதில் இருபக்கமும் நியாயம் உண்டு. கதவு அடைபட்டிருக்கையில் தனிவாயில் அமைத்துக்கொள்வது தன்மானமுள்ளோர் செயலே. பாரிஸ் நகரத்துப் பெண் ஓவியர் 1881-ல் தமக்கெனச் சங்கம் கண்டு ஆண்டுதோறும் காட்சி நடத்தினர். அடையாற்றில் 1917-ல் தோன்றிய இந்திய மாதர் சங்கம் தனக்கெனப் பத்திரிகை நடத்திற்று. திருவல்லிக்கேணியில் வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-ல் 'ஜகன்மோகினி'யைத் தம் கையில் ஏற்று நடத்தியதோடு, தேசப் போராட்டத்தில் சிறையும் புகுந்தார். 1936-ல் அடையாற்றில் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். இவர்கள் எவரும் பிறர் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை.

ஆனால், தனிவாயில் உண்டென்று காட்டித் தலைவாயிலை அடைப்பது சூழ்ச்சி. மார்ச்சுத் திங்களில் மாதர் தினத்தன்று ஒரு கண்காட்சி, ஒரு கவியரங்கம், ஒரு பொன்னாடை. எஞ்சிய நாட்களில் ஆடவரே கூடி ஆடவரையே தெரிந்தெடுப்பது என்னும் ஏற்பாட்டை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். தனிக் கண்காட்சி ஏணியாக இருக்கட்டும், சிறையாக வேண்டாம்.

இனிச் செய்யத்தக்கன யாவை? வழக்காடு மன்றங்களில் பழகிய நமக்கு இரண்டு விதிகள் நன்கு தெரியும். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாதல் ஆகாது என்பது ஒன்று. நீதி வழங்கினால் மட்டும் போதாது, வழங்கப்படுவது உலகுக்குத் தெளிவாகத் தோன்றவும் வேண்டும் என்பது மற்றொன்று. இதனை 1924-ல் ஆங்கில நீதிமன்றம் ஒன்று வற்புறுத்திற்று. ஆனால் இவற்றுக்காக நாம் லண்டன் செல்லவேண்டியதில்லை. பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில், உத்தரமேரூரில் பொறிக்கப்பட்ட குடவோலைச் சாசனத்தைப் படிப்போமாக. முன் மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் வரலாகாது. ஏரியையும் தோட்டத்தையும் காக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்துணைக் காவல் வைத்தனர். கலையைக் காக்க இன்று அதில் பாதியேனும் வேண்டாமா?

ஆதலின் கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித கலா அகாதெமி மையத்துக்கும், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களிலுள்ள சபைகளுக்கும், கலைக்கூடங்களுக்கும், பரிசு வழங்கும் அறநிலையங்களுக்கும் நாம் கூறுவன இவை. ஒவ்வொரு தேர்வுக் குழுவிலும் சரிபாதி பெண்கள் இருத்தல் வேண்டும். ஒப்புக்கு ஒருவரை நாற்காலியில் அமர்த்துவது போதாது. அவர் அத்துறையில் வல்லவராகவும் இருத்தல் வேண்டும். எந்த நடுவரும் மூன்றாண்டுக்கு மேல் தொடர்ந்து இருத்தலாகாது. தம் மாணாக்கரோ சுற்றத்தாரோ போட்டியில் இருந்தால் நடுவர் எழுந்து வெளியேற வேண்டும். முதற் சுற்றில் பெயர் மறைக்கப்பட வேண்டும். மேல்நாட்டு வாத்தியக் குழுக்கள் பல, 1970-ம் ஆண்டுகள் தொடங்கித் திரைக்குப் பின்னிருந்து வாசிக்கச் செய்தே வாத்தியக்காரரைத் தெரிந்தெடுத்து வருகின்றன. கவிதைக்கு அத்திரை மிக எளிது. ஓவியத்துக்குக் கையெழுத்தை மறைத்தால் போதும். எத்தனை பேர் விண்ணப்பித்தனர், அவருள் பெண்கள் எத்துணையர், ஏற்கப்பட்டவர் எத்துணையர் என்னும் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கணக்கு வெளிவந்தால் பாதி நோய் தானே தீரும்.

வயது வரம்பைப் பற்றியும் ஒரு சொல். சாகித்திய அகாதெமியின் இளையோர் பரிசு 35 வயதுக்கு உட்பட்டோர்க்கு உரியது. இத்தகைய வரம்பு பிற இடங்களிலும் உண்டு. ஆடவன் தன் கலையில் ஊன்றி நிற்கும் அவ்வாண்டுகளில்தான் பெண் மகப்பேற்றிலும் மக்கள் வளர்ப்பிலும் ஆழ்ந்திருக்கிறாள். சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற டி. கே. பத்மினி 1969-ல் மகப்பேற்றின்போது காலமானபோது அவருக்கு வயது முப்பதும் நிறையவில்லை. அவர் விட்டுச்சென்ற படங்களைக் காண்போர், இழந்தது எத்தகையதென்று உணர்வர். உயிரோடிருந்து கலையை இடையில் நிறுத்தியோர் எத்துணையர் என்பதற்குப் பட்டியலே இல்லை. குழந்தை வளர்ப்பில் கழிந்த ஆண்டுகளைக் கழித்து வயதைக் கணக்கிட்டால் எந்த நிலையத்துக்கும் நட்டம் வாராது. விண்ணப்பக் கட்டணம், படம் ஏற்றிவரும் வண்டிச் செலவு ஆகியவற்றையும் தனக்கென வருவாயில்லாத பெண்ணுக்குக் குறைத்தல் வேண்டும்.

பெண் கலைஞர்க்கும் ஒன்று சொல்வோம். பரிசு உயர்ந்ததே; பரிசினும் கலை உயர்ந்தது. 1935-ல் சிம்லாக் கண்காட்சியார் தம் படங்கள் சிலவற்றைத் தள்ளி ஒன்றுக்குப் பரிசு அளித்தபோது, அமிர்தா ஷேர்கில் அப்பரிசை மறுத்தார். இரண்டாண்டுக்குப் பின் பம்பாய்க் கலைச்சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 2023-ல் சென்னையில் விருதொன்றுக்கு அழைக்கப்பட்ட கவிஞர் சுகிர்தராணி, அதன் புரவலர் தம் கொள்கைக்கு ஒவ்வாதவர் என்று அதனை ஏற்க மறுத்தார். அம்முடிவை ஒப்புவோரும் ஒப்பாதோரும் இருக்கலாம். ஆனால் மறுக்கத் தெரிந்தவரே பெற்றாலும் தலைநிமிர்ந்து பெறுவர்.

இவ்வளவும் பிறர்க்கு எழுதிவிட்டு நம் குற்றத்தை மறைத்தல் அறமாகாது. நம் பத்திரிகையின் ஆண்டு மலர்களை நாமே புரட்டிப் பார்த்தோம். பாட்டுப் பகுதியில் பெண்பாற் பெயர்கள் மிகச் சிலவே. சென்ற தலைமுறையில் காந்தி புராணம் பாடிய பண்டிதை அசலாம்பிகை அம்மையாரை இக்காலத்து ஔவையார் என்று திரு. வி. கலியாணசுந்தரனார் போற்றினார். அத்தகையோர் மரபில் வந்த பத்திரிகைத் தொழிலை நடத்தும் நாம், வந்த பாடல்களின் மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்தோமா, பாட்டைப் பார்த்தோமா என்பதை நெஞ்சறியச் சொல்ல முடியவில்லை. வரும் மலரிலிருந்து பெயர் மறைத்தே பாடல்கள் ஆசிரியர் குழுவின்முன் வைக்கப்படும். வந்தவை எத்தனை, ஏற்றவை எத்தனை என்னும் கணக்கும் அம்மலரிலேயே அச்சாகும். குறை காணும் நேயர்கள் எழுதுக.

சுதந்திரப் போரில் பெண்களை வீதிக்கு அழைத்தோம், அவர் வந்தனர், அடிபட்டனர், சிறை புகுந்தனர். அன்று அவர் பெயரை எவரும் மறைத்துப் பார்க்கவில்லை. கலை மண்டபத்தின் வாயிலில் மட்டும் அவரைக் காத்திருக்கச் செய்வது நன்றி கொன்றோர் செயல். மாட வீதியில் ஒருநாள் கிடைக்கும் நியாயம் ஆண்டு முழுதும், எல்லாக் கூடங்களிலும் கிடைத்தல் வேண்டும். அதற்குரிய விதிகளை எழுதிக் கையெழுத்திட ஒரு மாலைப்பொழுது போதும். நிர்வாகிகள் முன்வருவார்களா?