தோள் நழுவினால் இழுக்காதீர்கள்!



தேர்வடம் இழுக்கும்போதோ பால்குடத்தோடு வழுக்கி விழும்போதோ சிலருக்குத் தோள்மூட்டு நழுவிவிடும். உடனே கூட்டத்துல ஒருத்தர் வருவார். "நகருங்க, ஒரே இழுப்புல போட்டுடறேன்!" சுற்றி நிக்கிறவங்களும் ஆளைப் பிடிச்சுக் கொடுப்பாங்க. கமுந்திங் கோயில் தொண்டர்களாகிய நாங்கள் வெளிப்படையாகவே சொல்றோம்: இது உதவி இல்லை, ஆபத்து.

தோள் என்பது ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து மாதிரி. அதனாலதான் கை எல்லாப் பக்கமும் சுழலுது; அதனாலதான் சுலபமா நழுவவும் செய்யுது. நூற்றுக்கு 95 பேருக்கு முன்பக்கம்தான் நழுவும். தோளின் உருண்டை போய்ச் சப்பையாகிடும். அக்குள் பக்கத்துல நரம்புகளும் பெரிய ரத்தக்குழாயும் ஓடுது. கூடவே எலும்பும் உடைஞ்சிருக்கலாம். அது எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். அது தெரியாம இழுத்தா நரம்பு கெட்டு, கையைத் தூக்கவே முடியாமப் போகலாம். மறுநாள் மோட்டார் ஓட்டி வேலைக்குப் போறவன் கதி என்ன?

"தோட்டத்துல எங்க தாத்தா எண்ணெய் போட்டு உருவியே சரி பண்ணாரு"ன்னு கேட்பீங்க. உண்மைதான். அன்னைக்கு ரப்பர் தோட்டத்துல டிரஸரை விட்டா வேற ஆள் இல்லை. இன்னைக்குத் தைப்பிங் பெரியாஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். உருவுறவருக்கு அதைவிட அதிகமாகவே தட்சணை வைக்கிறோமே!

"முருகன் பார்த்துக்குவான்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி: அந்த டாக்டரைப் படிக்க வைத்தது யார் அருள்?

செய்ய வேண்டியது இதுதான். கை எப்படி இருக்கோ அப்படியே வைத்து, துண்டால் தொட்டில் கட்டுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். மோதிரம், காப்பைக் கழற்றுங்கள். சாப்பிட, குடிக்க எதுவும் வேண்டாம், பிரசாதமும்கூட. அங்கே மயக்க மருந்து தேவைப்படலாம். விரல் மரத்தாலோ, வெளுத்துக் குளிர்ந்தாலோ உடனே 999.

மூட்டைப் போட்ட பிறகும் கதை முடியாது. டாக்டர் சொல்ற வாரக்கணக்குக்குக் கை தொட்டிலில் இருக்கணும், பிறகு பிசியோதெரபி. இளவயசுப் பிள்ளைகளுக்கு மறுபடி நழுவும் வாய்ப்பு ரொம்ப அதிகம். வலி போச்சுன்னு அவசரப்பட்டுக் காவடி தூக்காதே தம்பி.

அடுத்த திருவிழாவில் யாராவது இழுக்க வந்தா, நாங்க குறுக்கே நிற்போம். பெரியவங்க கோவிச்சுக்காதீங்க. குடும்ப வாட்ஸ்அப்பில் பகிருங்கள்.

வெற்றிவேல்!