இரண்டு இரவுகள்

நகரத்து இரவு என்றதும் ஓவிய ரசிகர்கள் எட்வர்ட் ஹாப்பரின் ‘நைட்ஹாக்ஸ்’ படத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உணவகம், நான்கே பேர், ஆளுக்கொரு மௌனம். உள்ளே நுழையத் தெருவாசல்கூடக் கிடையாது. 1942இல் தீட்டிய அதை அதே ஆண்டே சிகாகோ கலைக்கழகம் வாங்கியது.

அதைப் பார்த்த தூண்டுதலில் ஆர்ச்சிபால்ட் மோட்லி 1943இல் ‘நைட்லைஃப்’ வரைந்தார். சிகாகோவில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பிரான்ஸ்வில் பகுதியின் கேளிக்கை விடுதி அது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று. கூட்டம் கலைகிற மாதிரி இல்லை. ஊதா கலந்த சிவப்பு வெளிச்சத்தில் ஆடுகிறார்கள், குடிக்கிறார்கள், மேசைகளைச் சுற்றி அரட்டை அடிக்கிறார்கள். சாய்ந்த உடல்களே படத்துக்குத் தாளம் போடுகின்றன.

ஹாப்பரின் புகழ் நியாயமானதுதான். ஆனால், தனிமை என்றால் ஆழம், கும்மாளம் என்றால் மேம்போக்கு என்று விமர்சகர்கள் (கவிஞர்களும்தான்!) எப்போது முடிவுகட்டினார்கள்? நெரிசலில் ஒவ்வொரு உடம்புக்கும் தனிச் சாடை கொடுப்பது லேசுப்பட்ட வேலையா?

மோட்லி அந்தக் கழகத்தின் கலைப்பள்ளியிலேயே படித்தவர். ‘நைட்லைஃப்’ அதன் சேகரிப்பில் சேர்ந்ததோ 1992இல்.