லிங்கமாகி நின்ற ஸ்தூபி

ஆந்திர தேசத்து ஏலூர்ப் பக்கத்தில், குண்டுபள்ளி என்னும் ஊரில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிக்ஷுக்களுக்காகப் பாறையைக் குடைந்து அமைத்த வட்டமான சைத்தியம் ஒன்று உண்டு. மரவிட்டங்கள் தாங்குவதுபோலக் கல்லிலேயே செதுக்கிய அதன் விதானத்தின் கீழ் நிற்கும் ஸ்தூபியை, பௌத்தம் அப்பக்கத்தில் மறைந்துபோன பிற்காலத்தில், கிராமத்து ஜனங்கள் தர்மலிங்கேசுவரர் என்று நாமமிட்டு வணங்கலாயினர். சைவம் பௌத்தத்தை விழுங்கிய சரித்திரம் இது என்று சினப்பாரும், இரண்டும் ஒன்றே என்று சமாதானம் சொல்வாரும் உளர். இருவருமே அவசரப்படுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கெடா மாநிலத்துக் குருண்வாசிகளாகிய நாம் இதைச் சிந்திப்பதற்கு நியாயம் இருக்கிறது. நாள்தோறும் நாம் காணும் ஜெராய் மலையின் தென்சரிவில், மெர்போக்கை அடுத்து, 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் அகழ்ந்த புக்கிட் பத்து பகாட் ஆலயம் சிவாலயமென்றே கருதப்படுகிறது. மலைக்கு வடமேற்கே, யான் வட்டாரத்துப் புக்கிட் சோராஸ் குன்றிலோ, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அண்மையில் சுதையாலான புத்தர் உருவங்களைக் கண்டெடுத்த ஸ்தூபி இருக்கிறது. இவ்வாறு இரு சமயங்களுக்கும் இடங்கொடுத்த, கடாரம் எனப்பட்ட பழைய கெடாவின் அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பியபோது, பரம சைவனாகிய ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயையே அதற்குத் தானமாக ஈந்தான்.

ஆராதிப்பார் அற்றுப்போன கட்டடங்களின் கதியோ வேறு. நாகையில் பௌத்தத்தின் மிச்சமாக நின்ற கோபுரத்தை 1867இல் பாதிரிமார் அரசாங்க அனுமதி பெற்று இடித்தனர். நமது புஜாங் பள்ளத்தாக்கில் சண்டி எனப்படும் பழைய ஆலயம் ஒன்று, நிலத்தைச் சமன்செய்ய வந்த இயந்திரங்களால் தரைமட்டமானது 2013இல் வெளியாயிற்று. கூக்குரல் எழுந்ததெல்லாம் அதன் பிறகுதான். தோட்டம் கைமாறும்போது தோட்டக் கோயிலுக்காக ஊரே திரண்டு நிற்பதைக் கண்டவர்களுக்கு இந்த வித்தியாசம் எளிதில் விளங்கும்.

குண்டுபள்ளியார் புத்தர் பெயரை மறந்தது மெய்யே. ஆயினும் அவர்களுடைய பக்தி அக்கல்லுக்குக் காவலாயிற்று என்றும், மறந்த பெயரைத் தொல்பொருள் ஆராய்ச்சி மீட்டுக் கொடுத்தது என்றும் நான் கருதுகிறேன். ஆகவே மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் நம்மவர், சிவாலயத்தைக் காட்டி, நம் முன்னோரின் சமயம் என்று பெருமை பேசித் திரும்பிவிடாமல், புக்கிட் சோராஸ் ஸ்தூபியையும் அதே உரிமையோடு சொல்லித்தர வேண்டும். உரிமை கொண்டாட ஆளில்லாத பாதிதான் எப்போதும் முதலில் இடிக்கப்படுகிறது.