ஹேர்மீஸ் உறங்கும் கடல்

மட்டக்களப்புக் கரையிலே நின்று கிழக்கு நோக்குவோர்க்கு அலைகளும் தோணிகளுமன்றி வேறெதுவும் புலப்படாது. ஆயினும், கரைக்குச் சில மைல்களுக்கு அப்பால், ஏறக்குறைய 53 மீற்றர் ஆழத்தில், ஹேர்மீஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் இடப்பக்கமாகச் சரிந்து கிடக்கின்றது. அதனைக் காணவெனப் பிற நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் வருகின்றனர். அவர்கள் காணச் செல்வது யாதென நாமும் அறிந்திருத்தல் நன்று.

முற்காலத்தில், வேறு தேவைகளுக்கெனக் கட்டிய கப்பல்களையே விமானங்கள் ஏறியிறங்கத்தக்கனவாக மாற்றியமைத்தனர். விமானங்களுக்கெனவே திட்டமிட்டு முதன்முதலில், 1918 ஆம் ஆண்டில், கட்டத் தொடங்கிய கப்பல் ஹேர்மீஸ். வேலை தாமதித்தமையால் 1924 இலேயே அது சேவையிற் சேர்ந்தது. அதற்கிடையில் யப்பான், ஹோஷோ என்னுங் கப்பலை 1922 இல் முடித்து முந்திக்கொண்டது.

1942 ஏப்ரல் 8 ஆம் நாள், யப்பானியக் கடற்படை நெருங்குகின்றதென்ற எச்சரிக்கை கிடைத்ததும், ஹேர்மீஸ் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டகன்றது. மறுநாட் காலை திரும்பும் வழியிற் பகைவர் கண்ணிற் பட்டது. விமானங்களைச் சுமக்கவெனப் பிறந்த அக்கப்பலில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. குண்டுகள் மழையெனப் பொழிய, அரைமணி நேரத்துக்குள் அது மூழ்கிற்று. தலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். உடன்வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. தத்தளித்தோரிற் பெரும்பாலோரை வீற்றா என்னும் வைத்தியக் கப்பல் மீட்டது.

அவ்வாழத்துக்குச் செல்லுதல் எளிதன்று. பொழுதுபோக்காகச் சுழியோடுவோர்க்கு 40 மீற்றரே எல்லையென விதித்திருக்கின்றனர். 53 மீற்றரில், தரையிலுள்ளதைப் போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கம் உடலை நெருக்கும். முதுகிற் சுமந்த காற்றும் அவ்வளவு விரைவிலே தீர்ந்துபோகும். நைதரசன் மிகுதியாகக் குருதியிற் கரைய, மதுவுண்டார் போல் மதி மயங்கும். அவசரப்பட்டு மேலெழுந்தாலோ, கரைந்த வாயு குமிழிகளாகி மூட்டுக்களை வருத்தும், உயிரையும் பறிக்கும். ஆதலால், பயிற்சி பெற்றோர் ஹீலியங் கலந்த வாயுவைச் சுவாசித்து, இடையிடையே தரித்துத் தரித்தே மேலே வருவர்.

இத்துணை அல்லலுற்றுக் காண்பதோ, பவளம் படர்ந்த பீரங்கிகளையும் மீன்கள் குடிகொண்ட இரும்புக் கூட்டையும் மாத்திரமன்று. அது ஒரு மயானம். அங்கு மாண்டோரின் உற்றார்க்குத் தலைக்கல் வேறில்லை.

ஆழம் ஒன்றே அதற்குக் காவலாகிவிடாது. அதே 1942 இல் யாவாக் கடலில் மூழ்கிய ஒல்லாந்துப் போர்க்கப்பல்களைத் தேடி 2016 இற் சென்ற சுழியோடிகள், அவற்றுள் இரண்டு முற்றாகவே மறைந்துபோயிருக்கக் கண்டனர். இரும்புக்கும் பித்தளைக்குமாக யாரோ அவற்றைப் பெயர்த்தெடுத்துச் சென்றிருந்தனர். அவற்றோடு மாண்டோரின் எச்சங்கள் என்னவாயினவோ!

கடலடி மரபுச் செல்வங்களைக் காக்கவென யுனெஸ்கோ 2001 இல் வகுத்த உடன்படிக்கை, நூறாண்டு நீரிற் கிடந்தவற்றையே தன் வரம்பினுட் கொள்கின்றது. ஹேர்மீஸுக்கு நூறாண்டு நிறைவது 2042 இல். மயானத்தை மதிக்க அதுவரை காத்திருத்தல் வேண்டுமோ? காணச் செல்வோர் கண்டு வரட்டும். ஒரு சிறு பித்தளைத் துண்டேனும் அவர்தம் பையிலே கரையேறாதிருப்பின், அதுவே அந்த 307 பேருக்கும் நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.