வன்னியும் விற்றமின் வில்லையும்

வெய்யிலுக்குப் பஞ்சமில்லாத வன்னியிலே விற்றமின் 'டீ' வில்லையை விலை கொடுத்து வாங்குவானேன் என்று இரணைமடுவின் கீழ் வயல் செய்யும் கமக்காரர் கேட்பின், அக்கேள்வியில் நியாயம் உண்டு. சூரிய ஒளி தோலிற் படும்போது உடல் இச்சத்தைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. குனிந்து களை பிடுங்குபவரின் முதுகுக்கு அது கூலியின்றிக் கிடைப்பது. பகல் முழுதும் கந்தோரிலும் நீதிமன்றிலும் கூரையின் கீழிருக்கும் எம்மனோர்க்கும், வீட்டோடு முடங்கிய முதியோர்க்கும் அவ்வாறன்று. கறுத்த தோலுக்கோ கூடுதலான வெய்யில் வேண்டும்.

ஆயினும் இதனைச் சர்வரோக நிவாரணி எனக் கொள்ளுதல் தவறு. ஐக்கிய அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு நடாத்தப்பெற்ற பேராய்வு, நாளொன்றுக்கு 2,000 அலகு உட்கொண்டோரிடத்துப் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை என்று 2018 இலும், எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022 இலும் அறிவித்தது. எழுபது வயது வரை நாளொன்றுக்கு 600 அலகு போதுமென்பதே அந்நாட்டு நிபுணர் வகுத்த அளவு.

வன்னிக்கோ இவ்விடயத்தில் தனியானதொரு வழக்கு உண்டு. காரணம் இன்னதென்று நிறுவப்படாத சிறுநீரக நோய், 1990களில் வடமத்திய மாகாணக் கமக்காரரிடையே இனங்காணப்பட்டது; வவுனியாவும் முல்லைத்தீவும் அதற்குத் தப்பவில்லை. மாகாண எல்லையையும் பேசும் மொழியையும் பார்த்து வரும் நோயன்று அது. தோல் ஆக்கியதாயினும் வில்லை தந்ததாயினும், இச்சத்து கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் இன்னொருமுறையும் மாற்றமடைந்த பின்னரே தொழிற்படும். சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றவர் பகலெல்லாம் வெய்யிலில் நின்றும் என்ன பயன்? குருதியிற் கல்சியம் குறையும், உடல் அக்குறையை எலும்பிலிருந்து உருவியெடுத்து நிரப்பும், எலும்பு நொய்ந்துபோம். இத்தகையோர்க்கு வைத்தியர் கொடுப்பது அல்பாகல்சிடோல் போன்ற, சிறுநீரகம் செய்யவேண்டிய வேலையை முன்னரே முடித்து வரும் மருந்தாகும். அதனையும் குருதியைச் சோதியாது கொடுத்தல் ஆகாது. கல்சியம் மிகுமாயின் எஞ்சிய சிறுநீரகமும் கெடும். நாரி நோவென்று மருந்துக்கடையிற் கேட்டு வில்லை வாங்குபவர், தம் சிறுநீரகத்தின் நிலையை அறிந்தா வாங்குகின்றார்?

ஆகவே இஃது அரசியற் பிரச்சினையுமாகும். 1987 இன் பதின்மூன்றாந் திருத்தம், போதனா வைத்தியசாலைகளும் விசேட நோக்கத்துக்கானவையும் நீங்கலாக, பொது வைத்தியசாலைகளை நிறுவிப் பராமரிக்கும் அதிகாரத்தை மாகாணத்துக்கு அளித்தது. 2013 இல் நாம் தெரிந்த வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. கேள்வி கேட்க ஓர் அவையுமின்றி மருந்துப் பட்டியல்கள் எழுதப்பட்டன.

நாம் கேட்பது பெரிதன்று. சிறுநீரக நோயாளர் வரும் வைத்தியசாலைகளிற் கல்சியமும் பொசுபரசும் அளக்கும் வசதி ஆண்டு முழுதும் இருத்தல் வேண்டும். குறித்த மருந்து இடையறாது கிடைத்தல் வேண்டும். அறுவடைக் காலத்தில் ஒருநாட் கூலியையும் பேருந்துக் காசையும் இழந்து வருபவரை, "வெளியில் வாங்கும்" என்று சீட்டெழுதி அனுப்புவது இலவச வைத்தியம் ஆகாது. அடுத்த மாகாண சபைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோர், எக்கட்சியினராயினும், இதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவர் என்பதைத் தொகையாகவே சொல்லட்டும்.